சுண்ணாம்புக் கணக்கு

மாடம்பாக்கத்தில் குடியிருப்பவருக்குச் சுண்ணாம்பைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டாம். போர் தண்ணீர் வரும் குழாயின் வாயில் ஆறே மாதத்தில் வெள்ளைப் பொருக்கு கட்டிவிடும். ஷவரில் பாதித் துளை அடைபடும். கீசரைப் பிரித்துப் பார்த்தால் காயிலின் மேல் ஓடு மாதிரி ஏறியிருக்கும். பாத்ரூமில் இந்தப் படிவை வினிகர் ஊற்றிக் கரைத்துக்கொண்டே, ஹாலில் இருக்கும் பவளத் தொட்டிக்கு அதே சரக்கைக் காசு கொடுத்து வாங்கி ஊற்றுகிறோம். பவளமும் சங்கும் நத்தையும் தங்கள் ஓட்டைக் கட்டுவது கால்சியம் கார்பனேட்டால். குழாயில் படிவதும் பெரும்பாலும் அதுதான்.

போன அத்தியாயத்தில் அமைத்த தொட்டியையே இங்கேயும் உதாரணமாக வைத்துக்கொள்வோம். 24 அங்குல நீளம், 12 அங்குல அகலம், 15 அங்குல உயரம். கண்ணாடியின் கணக்கு 70 லிட்டர். மேலே விட்ட இடைவெளி, கல், மணல் எல்லாம் போக உண்மையில் நிற்பது 60 லிட்டர். மருந்துக் கணக்கு எல்லாமே இந்த 60ஐ வைத்துத்தான். கடைக்காரர் சொன்ன 70ஐ வைத்துப் போட்டால் ஒவ்வொரு முறையும் ஆறில் ஒரு பங்கு அதிகமாகப் போகும்.

உள்ளே என்ன வளர்க்கலாம் என்பதை முதலில் தீர்த்துவிடுவோம். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் 2001 ஜூலையில் கல் பவளங்கள் அத்தனையையும் சேர்த்தார்கள். கரும்பவளம், குழல் பவளம், தீப்பவளம், கடல்விசிறி ஆகியவையும் உண்டு. புலி இருப்பதும் அதே அட்டவணைதான். நம் கடலில் எடுத்த கல் பவளம் உயிரோடு இருந்தாலும் வெறும் எலும்புக்கூடாக இருந்தாலும் வீட்டில் வைத்திருக்கக் கூடாது. கொளத்தூர் மீன் கடைகளிலோ பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையிலோ, “வெளிநாட்டில் வளர்த்தது சார்” என்று யாராவது நீட்டினால் அனுமதிக் காகிதத்தைக் கேளுங்கள். காகிதம் பிறகு வரும் என்றால் நீங்களும் பிறகு வருவதாகச் சொல்லிவிட்டு நடையைக் கட்டுங்கள்.

இந்தக் கண்டிப்புக்குக் காரணம் உண்டு. மன்னார் வளைகுடாவில் பவளக்கல்லை வெட்டி எடுத்துச் சுண்ணாம்புச் சூளைக்கும் கட்டட வேலைக்கும் வண்டி வண்டியாகக் கொண்டுபோன காலம் ஒன்று இருந்தது. 21 தீவுகளைச் சேர்த்து 1986இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவித்த பிறகும் வெட்டு உடனே நின்றுவிடவில்லை. அந்த 21இல் விலாங்குச்சல்லியும் பூவரசன்பட்டியும் இன்று தண்ணீருக்கு மேலே இல்லை. அலையைத் தடுத்து நிறுத்தும் சுவரை எடுத்துவிட்டால் பின்னால் இருக்கும் மணல் எத்தனை நாள் நிற்கும்?

ஆகவே நம் தொட்டியில் இருப்பவை ஜோவாந்தஸ், மஷ்ரூம், லெதர் போன்ற மென்பவளங்கள், சில நத்தைகள், கல்லின் மேல் ஊதா நிறத்தில் பரவும் கோரலைன் பாசி. இவற்றுக்குச் சுண்ணாம்பு தேவையில்லை என்று சிலர் சொல்வார்கள். தவறு. லெதர் போன்ற மென்பவளத்தின் சதைக்குள்ளும் நுண்ணிய சுண்ணாம்பு முட்கள் இருக்கின்றன. கோரலைன் பாசியோ முழுக்கச் சுண்ணாம்புக்காரன். கல் முழுதும் ஊதாவாகிவிட்டால் அதன் செலவு கணிசம். ஆனாலும் கல் பவளத் தொட்டியோடு ஒப்பிட்டால் நம் செலவு சின்னது. அதனால்தான் அளந்து பார்க்காமல் ஊற்றுவது இங்கே கூடுதல் ஆபத்து.

ஜோடியாகக் குறையும் இரண்டு

ஓடு கட்டக் கால்சியம் ஒரு பக்கம் வேண்டும்; பைகார்பனேட் மறுபக்கம் வேண்டும். இந்த இரண்டாவதைத்தான் நம் டெஸ்ட் கிட் காரத்தன்மை என்று அளந்து, டிகேஎச் என்ற அலகில் சொல்கிறது. (ஆர்.ஓ. மெஷின்காரர் மீட்டரை முக்கிச் சொல்லும் டிடிஎஸ் வேறு. அதற்கும் இதற்கும் முடிச்சுப் போட வேண்டாம்.) இயற்கைக் கடல்நீரில் கால்சியம் சுமார் 410 பிபிஎம், காரத்தன்மை ஏறக்குறைய 7 டிகேஎச், மெக்னீசியம் 1,280 பிபிஎம் அளவில் இருக்கும். தொட்டியில் கால்சியம் 400 முதல் 440, காரத்தன்மை 7.5 முதல் 8.5, மெக்னீசியம் 1,250 முதல் 1,350 என்று வைத்துக்கொண்டால் போதும். அதிலும் ஒரே இடத்தில் நிற்பதுதான் முக்கியம். காரத்தன்மை வருடம் முழுவதும் 7.5இல் நிற்கும் தொட்டி, திங்கள்கிழமை 7, வெள்ளிக்கிழமை 10 என்று ஊஞ்சலாடும் தொட்டியைவிட நூறு மடங்கு நல்லது.

ஓடு கட்டும்போது இரண்டும் ஒரே விகிதத்தில் செலவாகும்: காரத்தன்மை 2.8 டிகேஎச் இறங்கினால் கால்சியம் 20 பிபிஎம் இறங்கும். இந்த ஒரு வரியை மனப்பாடம் செய்யுங்கள். காரத்தன்மை 8இலிருந்து 5.2க்கு வந்துவிட்டது என்றால் தொட்டி படுத்துவிட்டது என்று பொருள். அதே நேரத்தில் கால்சியம் 420இலிருந்து 400க்குத்தான் வந்திருக்கும். வீட்டு டெஸ்ட் கிட்டில் அந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியாது. தினசரிக் காவலுக்கு நிற்க வேண்டியது காரத்தன்மை கிட்தான். கால்சியத்தை இரண்டு வாரத்துக்கு ஒரு முறை பார்த்தால் போதும், மெக்னீசியத்தை மாதம் ஒரு முறை. முதலில் ஒரே ஒரு கிட் வாங்கத்தான் காசு இருக்கிறது என்றால் கண்ணை மூடிக்கொண்டு காரத்தன்மை கிட் வாங்குங்கள்.

உப்பும் தண்ணீரும் சரியா?

எதை ஊற்றுவதற்கு முன்னாலும் உப்பளவைப் பாருங்கள். ஆயிரத்துக்கு 35 இருக்க வேண்டிய இடத்தில் 30 இருந்தால் கால்சியமும் அதே விகிதத்தில் குறைந்து 350 என்று காட்டும். அங்கே கால்சியம் குறையவில்லை, கடலே நீர்த்துப்போயிருக்கிறது. கோவளம் பக்கம் போய்க் கேனில் கடல்தண்ணீர் பிடித்து வருபவர்களுக்கு இது முக்கியம். ஐப்பசி, கார்த்திகை மழையில் நம் கரையோரக் கடலின் உப்பளவு 30க்கும் கீழே இறங்குவது உண்டு. முட்டுக்காடு முகத்துவாரம் வெளியே தள்ளும் சேற்றுத் தண்ணீர் வேறு. அந்த மாதங்களில் கடல்தண்ணீரை மறந்துவிட்டு உப்புப் பொடி கரைத்துக்கொள்ளுங்கள்.

ஆவியாகும் தண்ணீரை ஈடுகட்ட எதை ஊற்றுவது? சித்திரை, வைகாசியில் தொட்டி 31 டிகிரிக்குப் போகும். மேலே சின்ன ஃபேன் வைத்தால் இரண்டு மூன்று டிகிரி இறங்கும், ஆனால் தினமும் ஒரு லிட்டர் ஆவியாகும். “நம்ம போர் தண்ணியிலதான் கால்சியம் கொட்டிக் கிடக்குதே, அதையே ஊத்தினா என்ன?” என்று கேட்காத ஆள் இல்லை. ஊற்றக் கூடாது. மாடம்பாக்கம் ஏரிக்கரையை ஒட்டிய தெருவில் ஒரு தண்ணீர், இரண்டு தெரு தள்ளினால் வேறு தண்ணீர். கோடையில் ஒன்று, மழைக்குப் பிறகு இன்னொன்று. செப்டிக் டேங்குக்கும் போருக்கும் இடையே நாலு எட்டு வைக்க இடமில்லாத மனைகளில் நைட்ரேட்டும் சேர்ந்துதான் வரும். கால்சியத்தோடு எது எது வருகிறது என்று தெரியாத தண்ணீரில் கணக்கு நிற்காது.

வீட்டு ஆர்.ஓ. தண்ணீர் சரி, ஒரு நிபந்தனையோடு. குடிப்பதற்கு ருசி வேண்டும் என்பதற்காக நம் ஊர் மெஷின்களில் டிடிஎஸ் கன்ட்ரோலர் என்று ஒரு சின்னத் திருகு இருக்கும். அது வடிகட்டாத தண்ணீரைக் கொஞ்சம் கலந்துவிடும். மினரல் கேட்ரிட்ஜும் தன் பங்குக்கு உப்புகளைச் சேர்க்கும். சர்வீஸுக்கு வருபவரிடம் சொல்லி, மெம்பிரேனிலிருந்து நேராகத் தொட்டிக்கு ஒரு குழாய் பிரித்துத் தரச் சொல்லுங்கள். அந்தத் தண்ணீர் ஒரு சின்ன டிஐ ரெசின் குடுவை வழியாக வந்தால் மீட்டர் பூஜ்யம் காட்டும். இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் அவசரத்துக்கு ஆகும், மீட்டரில் பூஜ்யமா என்று பார்த்துவிட்டு. ஏ.சி.யிலிருந்து சொட்டும் தண்ணீர் மட்டும் வேண்டவே வேண்டாம். அது செம்புக் குழாயின் மேல் ஊர்ந்து வருவது. செம்பு நத்தைக்கும் பவளத்துக்கும் விஷம்.

ஒரு வாரம் சும்மா இருங்கள்

புதிதாகத் தொட்டி வைப்பவர்கள் பெரும்பாலும் தாண்டிக் குதிக்கும் படி இது. ஏழு நாள் எதையும் சேர்க்காதீர்கள். தினமும் ஒரே நேரத்தில், விளக்கு போடுவதற்கு முன் என்று வைத்துக்கொள்வோம், காரத்தன்மையை அளந்து காலண்டர் தாளில் எழுதுங்கள். என் தொட்டியில் முதல் முறை பார்த்தபோது ஏழு நாளில் 8.6இலிருந்து 7.2க்கு வந்தது, ஒரு நாளைக்கு 0.2. தொட்டியின் பசி அவ்வளவுதான். அதற்கு முந்தைய மூன்று மாதமாக நான் பாட்டில் மூடியில் எழுதியிருந்தபடி இதைப்போல ஐந்து மடங்கு ஊற்றிக்கொண்டிருந்தேன். பம்ப் ஏன் அடிக்கடி இறுகிப்போகிறது என்பது அன்றைக்குத்தான் புரிந்தது.

இறக்கம் நாளுக்கு 0.1க்கும் கீழே என்றால் இந்த அத்தியாயத்தில் மிச்சத்தை நீங்கள் படிக்காமலே இருக்கலாம். வாரம் 6 லிட்டர் புது உப்புத்தண்ணீர் மாற்றினால் பெரும்பாலும் போதும். ஆனால் தண்ணீர் மாற்றுவதன் சக்தியை அதிகமாக நம்பிவிடவும் கூடாது. தொட்டியில் கால்சியம் 380, புதுத் தண்ணீரில் 430 என்றால், பத்தில் ஒரு பங்கு மாற்றியதும் ஏறுவது வெறும் 5 பிபிஎம். செலவைத் தாங்கிப் பிடிக்க அது உதவும். விழுந்ததைத் தூக்கி நிறுத்தாது.

சுண்ணாம்புத் தெளிநீர்

மேல்நாட்டுப் புத்தகங்கள் கால்க்வாசர் என்று ஒரு ஜெர்மன் பெயரைச் சொல்லிப் பயமுறுத்தும். நமக்கு அது தெரிந்த பொருள்தான்: சுண்ணாம்பைத் தண்ணீரில் கலக்கி, அடியில் படியவிட்டு, மேலே நிற்கும் தெளிவை இறுத்தெடுப்பது. பதநீர் புளித்துக் கள்ளாகாமல் இருக்கக் கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு பூசுவார்களே, அதே கால்சியம் ஹைட்ராக்சைடு. பவளத் தொட்டிக்கு இதன் அழகு என்னவென்றால், கால்சியமும் காரத்தன்மையும் ஓடு கட்டும் அதே விகிதத்தில் இதற்குள் இருக்கின்றன. ஒன்று ஏறி மற்றொன்று இறங்கும் தொல்லை கிடையாது.

அதற்காக வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பை எடுத்துக் கலக்கிவிடாதீர்கள். டப்பாவில் வருவதில் நிறமும் வாசனையும் இருக்கலாம். கிளிஞ்சல் சூளைச் சுண்ணாம்பில் சாம்பலும் மண்ணும் இருக்கும். பாரிமுனை ரசாயனக் கடைகளில் ஆய்வகத் தரத்தில் கால்சியம் ஹைட்ராக்சைடு அரைக்கிலோ டப்பாவாகக் கிடைக்கும். நம் தொட்டிக்கு அது வருடக்கணக்கில் வரும்.

ஒரு லிட்டர் ஆர்.ஓ. தண்ணீரில் 2 கிராம் போட்டுக் குலுக்கி மூடி வையுங்கள். ஏறக்குறைய ஒன்றரை கிராம்தான் கரையும். மிச்சம் அடியில் நிற்கும். சூடான தண்ணீரில் கலக்கினால் நன்றாகக் கரையும் என்று நினைக்க வேண்டாம். சர்க்கரை, உப்பு போல அல்ல இது. சூடு ஏற ஏறக் குறைவாகக் கரையும். மூடியைத் திறந்துவைத்தால் மேலே ஆடை மாதிரி ஒரு பொருக்கு கட்டும். காற்றில் இருக்கும் கரியமில வாயுவோடு சேர்ந்து சுண்ணாம்பு மறுபடியும் கல்லாகிறது என்று அர்த்தம். பள்ளி ஆய்வகத்தில் குழாய் வைத்து ஊதிப் பால்போல ஆக்கினோமே, அதுதான். பொருக்கையும் அடிவண்டலையும் தொட்டிக்குள் விடாமல் நடுவில் இருக்கும் தெளிவை மட்டும் எடுங்கள்.

எவ்வளவு? ஒரு லிட்டர் தெளிநீரை 60 லிட்டர் தொட்டியில் விட்டால் கால்சியம் 13 பிபிஎம்முக்குச் சற்று மேலும், காரத்தன்மை 1.9 டிகேஎச்சும் ஏறும். நாளுக்கு 0.2 இறங்கும் என் தொட்டிக்கு வேண்டியது 100 மில்லிதான். அந்த நூறை, தினசரி ஈடுகட்டும் ஒரு லிட்டர் ஆர்.ஓ. தண்ணீரில் கலந்து சொட்டுச் சொட்டாக விடுகிறேன். ஒரே மூச்சில் கொட்டக் கூடாது. தெளிநீரின் பிஎச் 12.4, கொட்டிய இடத்தில் தண்ணீர் பாலாகும், அருகில் இருக்கும் பவளம் வெந்துபோகும்.

சொட்டு விடுவதற்கு விலை உயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை. மருந்துக் கடையில் சலைன் ஏற்றும் டிரிப் செட் கேளுங்கள். அதில் 20 சொட்டு ஒரு மில்லி. நிமிடத்துக்கு 33 சொட்டு வைத்தால் ஒரு லிட்டர் பத்து மணி நேரத்தில் இறங்கும். இரவு படுக்கும்போது திறந்தால் காலையில் முடிந்திருக்கும். இரவில் விடுவதற்கு ஒரு காரணமும் உண்டு. விளக்கு அணைந்ததும் தொட்டியின் பிஎச் இறங்கும். கதவைச் சாத்தி ஏ.சி. போட்டுக் குடும்பமே தூங்கும் அறையில் இன்னும் இறங்கும். அந்த இறக்கத்தைச் சுண்ணாம்பு கொஞ்சம் தாங்கிப் பிடிக்கும். சொட்டு விழும் இடம் பம்பின் நீரோட்டத்துக்கு நேர் எதிரே இருக்கட்டும். வாரம் ஒரு முறை டிரிப் செட்டை வினிகரில் ஊறவைக்காவிட்டால் அடைத்துக்கொள்ளும்.

சோடாவும் கால்சியமும்

மழைக்காலத்தில் ஆவியாவது குறைந்து, ஈடுகட்டும் தண்ணீர் கால் லிட்டராகச் சுருங்கும். பவளம் பெருகப் பெருகச் செலவோ கூடிக்கொண்டே போகும். அப்போது சுண்ணாம்பு மட்டும் போதாமல் ஆகலாம். ஒன்று மட்டும் குறைந்திருந்தால் அதைத் தனியாகத் தூக்கவும் வேறு வழி வேண்டும். அதற்கு இரண்டு பாட்டில்.

முதல் பாட்டில்: ஒரு லிட்டர் ஆர்.ஓ. தண்ணீரில் 84 கிராம் சமையல் சோடா. ஆப்ப சோடா என்று அடுப்படியில் இருப்பதே. பேக்கிங் பவுடர் அல்ல, சலவை சோடாவும் அல்ல.

இரண்டாம் பாட்டில்: ஒரு லிட்டர் ஆர்.ஓ. தண்ணீரில் 147 கிராம் கால்சியம் குளோரைடு டைஹைட்ரேட். கரையும்போது சூடாகும், கண்ணாடிப் பாட்டில் வேண்டாம்.

60 லிட்டரில் காரத்தன்மையை 1 டிகேஎச் ஏற்ற முதல் பாட்டிலிலிருந்து 21 மில்லி. கால்சியத்தை 10 பிபிஎம் ஏற்ற இரண்டாவதிலிருந்து 15 மில்லி. அன்றாடச் செலவுக்கு விடுவதானால் சோடா இரண்டு பங்கு, கால்சியம் ஒரு பங்கு. அந்த விகிதத்தை மாற்றாதீர்கள்.

கால்சியம் குளோரைடு பற்றி நம் ஊருக்கென்று ஓர் எச்சரிக்கை. அது காற்றில் இருக்கும் ஈரத்தை உறிஞ்சும். பொட்டலத்தைக் கட்டாமல் வைத்தால் நவம்பர் மாதத்தில் இரண்டே நாளில் கூழாகிவிடும். கூழை எடைபோட்டால் பாதி தண்ணீரின் எடைதான். வாங்கி வந்த அன்றே முழுவதையும் கரைத்துப் பாட்டிலில் அடைத்துவிடுவது புத்திசாலித்தனம்.

காரத்தன்மையை ஒரு நாளில் 1 டிகேஎச்சுக்கு மேல் ஏற்றாதீர்கள். கால்சியத்தை 20 பிபிஎம்முக்கு மேல் வேண்டாம். 360இல் கிடக்கும் கால்சியத்தை 420க்குக் கொண்டுவர 90 மில்லி வேண்டும். மூன்று நாளைக்கு முப்பது முப்பதாக விடுங்கள். இரண்டு பாட்டிலையும் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் ஊற்றவே கூடாது. ஒருநாள் ஆபீசுக்குக் கிளம்பும் அவசரத்தில் நான் அதைத்தான் செய்தேன். கண்ணாடிக்குள் பொரிமாவைத் தூவியது போல் ஆனது. இரண்டும் தண்ணீரிலேயே ஒன்றுசேர்ந்து சுண்ணாம்பாகி, மணலிலும் ஹீட்டரிலும் பம்பின் இறக்கையிலும் படிந்துவிட்டன. அளந்து பார்த்தால் இரண்டுமே ஊற்றுவதற்கு முன்பு இருந்ததைவிடக் குறைவு. காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று வைத்துக்கொண்டால் இந்தப் பனிமழை பெய்யாது.

கணக்கு இடிக்கும்போது

எவ்வளவு ஊற்றினாலும் இரண்டும் ஏறவில்லை, பம்பில் மட்டும் பொருக்கு ஏறுகிறது என்றால் மெக்னீசியத்தை அளந்து பாருங்கள். கால்சியமும் கார்பனேட்டும் கண்ட இடத்தில் ஒட்டிக்கொள்ளாமல் தடுக்கும் காவலாளி அது. 1,200க்குக் கீழே போய்விட்டால் மற்ற இரண்டையும் தண்ணீரில் நிறுத்துவது கஷ்டம். மெக்னீசியம் குளோரைடு ஹெக்சாஹைட்ரேட் 50 கிராம் கரைத்து விட்டால் 60 லிட்டரில் 100 பிபிஎம் ஏறும். இரண்டு மூன்று நாளாகப் பிரித்து விடுங்கள்.

காரத்தன்மை மட்டும் வேகமாக இறங்குகிறது, கால்சியம் அசையவே இல்லை என்றால் அது பவளத்தின் வேலை அல்ல. அநேகமாகத் தீனியின் வேலை. மீனுக்குப் போடும் தீனி அழுகி நைட்ரேட்டாகும் வழியில் காரத்தன்மையைத் தின்றுவிடும். நைட்ரேட் 50 பிபிஎம் சேர்ந்திருந்தால் அதற்குள் 2.3 டிகேஎச் காணாமல் போயிருக்கும். இங்கே சோடா ஊற்றுவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் மொள்வது. தீனியைக் குறைத்து, தண்ணீரை மாற்றுங்கள்.

கிட் திடீரென்று நம்ப முடியாத எண்ணைக் காட்டினால் உடனே பாட்டிலைத் தூக்காதீர்கள். சிரிஞ்சை ஆர்.ஓ. தண்ணீரில் அலசிவிட்டு மறுபடி ஒரு முறை அளந்து பாருங்கள். பழைய கிட்டின் திரவம் நம் வெயிலில் கெட்டிருக்கலாம். சமையலறை அலமாரியைவிட ஃபிரிட்ஜ் கதவு அதற்கு நல்ல இடம்.

கடைசியாக, நம் வீடுகளில் எல்லாத் திரவமும் பழைய மினரல் வாட்டர் பாட்டிலுக்குள்தான் போகும். சுண்ணாம்புத் தெளிநீர் பார்ப்பதற்கு அச்சு அசல் குடிதண்ணீர். ஒரு மடக்கு போதும், வாயும் தொண்டையும் வெந்துவிடும், கண்ணில் தெறித்தால் பார்வையே போகலாம். அதைக் குடிதண்ணீர் பாட்டிலில் ஊற்றாதீர்கள். வேறு நிறத்து கேனில் ஊற்றி, பெரிய எழுத்தில் பெயர் எழுதி ஒட்டி, குழந்தைகளின் கைக்கு எட்டாத பரணில் வையுங்கள். அந்த ஸ்டிக்கரை ஒட்டிவிட்டு அப்புறம் முதல் லிட்டரைக் கலக்குங்கள்.